பரிணாமம், மூளை, அறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் பற்றியும் மூளை பற்றியும் சென்னையில் நூலகங்களிலும் கல்லூரிகளிலும் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களிலும் பேசி வருகிறேன். பேச்சு எதைப் பற்றி இருந்தாலும், கேள்வி நேரத்தில் மைக் கைமாறியதும் இதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுப் போகும்.

1. குரங்குலேர்ந்துதான் மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?

வண்டலூர் பூங்காவில் பார்க்கும் சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அந்த வம்சம் இரண்டாகப் பிரிந்து ஒன்று அவர்கள் பக்கம் போனது, ஒன்று நம் பக்கம் வந்தது. சித்தப்பா மகன் ஏன் இன்னும் இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லையே.

2. வலுத்தவன் பொழைப்பான், இளைச்சவன் சாவான். இதானே டார்வின் சொன்னது? இதுல அறம் எங்கேர்ந்து வந்துச்சு?

"தக்கன பிழைக்கும்" என்ற தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் சேர்த்துக்கொண்டார். இதில் "தக்க" என்பது புஜபலம் அல்ல. இருக்கிற சூழலில் எந்தப் பண்பு கூடுதல் சந்ததியை விட்டுச் செல்கிறதோ அது தக்கது. சில உயிர்களுக்கு அது நகமாக இருக்கும், சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளும் நிறமாக இருக்கும். நம்மைப் போலக் கூட்டமாக வாழ்ந்தால் மட்டுமே தப்பிக்கும் உயிருக்கு, கூட்டத்தோடு ஒத்துப்போகும் மனமும் அதில் அடக்கம்.

டார்வினே 1871-இல் இதைப் பேசிவிட்டார். பெற்ற பாசமும் கூடி வாழும் இயல்பும் உள்ள எந்த விலங்குக்கும், புத்தி மட்டும் போதுமான அளவு வளர்ந்துவிட்டால், நல்லது கெட்டது பார்க்கும் உணர்வு வந்தே தீரும் என்பது அவர் கட்சி. அவரை அடிதடிக்காரராகவே நினைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி.

3. பெத்த பிள்ளைக்கு உயிரைக் கொடுக்கலாம். தங்கச்சி பிள்ளைக்கும் ஏன் மனசு கிடந்து அடிச்சுக்குது?

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம் ஊரில் சொல்வதற்கு 1964-இல் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். கூடப் பிறந்தவர்களுக்குள் மரபணுப் பங்கு சராசரியாகப் பாதி. தங்கை பிள்ளைக்குக் கால். ஒன்றுவிட்ட சகோதரனுக்கு எட்டில் ஒன்று. உதவுவதால் எனக்கு ஆகும் நஷ்டம், உதவி பெறுபவருக்கு வரும் லாபத்தை இந்தப் பங்கால் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், உதவத் தூண்டும் மரபணு பரவும். அவருக்கு முன்பே ஜே.பி.எஸ். ஹால்டேன், "ஒரு சகோதரனுக்காக உயிரை விடமாட்டேன், இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ விடுவேன்" என்று விளையாட்டாகச் சொன்னதாகக் கதை உண்டு. ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, ஹாமில்டனின் கட்டுரை வந்த அதே 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

அப்படியானால் தத்தெடுத்த பிள்ளை? யார் மனமும் டிஎன்ஏ சோதனை செய்து பார்த்து அன்பு வைப்பதில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில் வளர்வது, தூக்கிக் கொஞ்சுவது, ஊட்டி விடுவது போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் பாசம் ஊறுகிறது. அந்த அடையாளங்கள் தத்துப்பிள்ளைக்கும் முழுசாகப் பொருந்தும். அதனால் அங்கே வரும் பாசம் அசல் பாசம்தான், இரண்டாம் தரம் இல்லை.

4. சரி, ரத்த சொந்தமே இல்லாதவங்களுக்கு ஏன் செய்யறோம்?

1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ் சொன்ன விடை: இன்று நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. கோஸ்டா ரிகாவில் ரத்தம் குடிக்கும் வௌவால்களை ஜெரால்ட் வில்கின்சன் ஆராய்ந்து 1984-இல் எழுதினார். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் அந்த வௌவால் செத்துப்போகும். பசித்து வந்ததற்குப் பக்கத்தில் தொங்குவது தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. உறவுக்கு மட்டுமல்ல, பழகிய கூட்டாளிக்கும். முன்பு கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இதை நம் ஊரில் பார்க்க மாநகரப் பேருந்து போதும். கூட்ட நேரத்து 21ஜி. கண்டக்டர் பின் கதவுப் பக்கம் தன் சீட்டில் இருக்கிறார். முன்னால் நிற்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐம்பது ரூபாய் நோட்டைத் தோளுக்கு மேல் நீட்டி, "கிண்டி ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்கிறார். நோட்டு நாலைந்து முகம் தெரியாத கைகள் மாறிப் பின்னால் போகிறது. அதே கைகள் வழியாக டிக்கெட்டில் சுற்றிய சில்லறை திரும்பி வருகிறது. நடுவில் இருப்பவர் எவருக்கும் இதில் காலணா லாபம் இல்லை. ஆனால் அடுத்த ஸ்டாப்பில் அவர்கள் நோட்டும் இதே வழியில்தான் போகணும். ஒரு தடவை சில்லறை குறைந்துவிட்டால் அந்த வரிசையில் எல்லார் பார்வையும் மாறும், பாருங்கள். நன்றி, கோபம், குற்ற உணர்ச்சி, "இவன் சரியில்லை" என்ற சந்தேகம், எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காவல் காக்கத் தோன்றியவை என்பதுதான் டிரிவர்ஸ் கட்டுரையின் உயிர்.

5. அப்போ எல்லா உதவியும் உள்ளுக்குள்ள சுயநலம்தானா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும்.

இரண்டு கணக்கைக் கலக்கக் கூடாது. ஒரு குணம் ஏன் பரவியது என்பது ஒன்று. அந்தக் குணம் உள்ளவர் மனதில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்பது வேறு. 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் "சுயநலம்" என்ற சொல்லை மரபணுவுக்குப் போட்டார். படித்தவர்களும் படிக்காதவர்களும் அதை மனிதர்மேல் ஒட்டிவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்து, மாடியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கினார்கள். துடுப்புப் போடும்போது அவர்கள் நாளைய லாபத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கண்ணெதிரே தண்ணீரில் மனிதன் நிற்கிறான், மனம் துடிக்கிறது, போகிறார்கள். அந்தத் துடிப்பு எந்தக் காலத்தில் எந்தக் காரணத்தால் நம் வம்சத்தில் நிலைத்தது என்று சொன்னால் துடிப்பு பொய்யாகிவிடாது.

முகம் தெரியாத, திரும்பப் பார்க்கவே போகாத ஒருவருக்கு உதவுவதை டிரிவர்ஸ் கணக்கு மட்டும் முழுதாக விளக்கிவிடாது. ஊரில் கிடைக்கும் நல்ல பெயர், குழுக்களுக்கிடையே நடந்த போட்டி, நெருங்கியவர்களுக்காக உருவான இரக்கம் மற்றவர்மேலும் வழிவது என்று பல விளக்கங்கள் உண்டு. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

6. குழந்தைக்குப் பொறக்கும்போதே நல்லது கெட்டது தெரியுமாமே, வீடியோ பார்த்தேன்?

அந்த வீடியோவுக்கு மூலம் 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. ஒரு வடிவம் மலை ஏற முயல்கிறது. ஒன்று மேலே தள்ளி உதவுகிறது, இன்னொன்று கீழே தள்ளுகிறது. ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகள் உதவியதையே பெரும்பாலும் கை நீட்டி எடுத்தன. உலகமே கொண்டாடியது. ஆனால் பல நாட்டு ஆய்வகங்கள் கூடி இதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து 2024-இல் வெளியிட்ட முடிவில் அந்த விருப்பம் தென்படவில்லை. ஆகவே வீடியோவை ஃபார்வர்டு செய்யும் முன் யோசியுங்கள்.

நான் நம்புவது ஒன்றரை வயதுக் கதையை. 2006-இல் வார்னெக்கனும் டோமசெல்லோவும் காட்டியது அது. பெரியவர் ஒருவர் துணி மாட்டும்போது கிளிப்பைக் கீழே விட்டுவிட்டு எட்ட முடியாமல் தவிக்கிறார். 18 மாதக் குழந்தை தானாகத் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. பாராட்டும் கிடையாது, பரிசும் கிடையாது. வேண்டுமென்றே கீழே எறிந்தால் அப்படி எடுத்துக் கொடுப்பதில்லை.

7. மிருகங்களுக்கு நியாயம் தெரியுமா?

2003-இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளுக்கு ஒரே வேலைக்கு வேறு வேறு கூலி கொடுத்தார்கள். பக்கத்துக் கூண்டுக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும், அதுவரை ஆசையாகத் தின்ற வெள்ளரித் துண்டை மற்றது வாங்க மறுத்தது, சில சமயம் வெளியே எறிந்தது. அது நியாய உணர்வா, திராட்சை கிடைக்காத எரிச்சலா என்று இன்றும் விவாதம். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் என்று படுகிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்: தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம், பிரிந்துபோன தன் பழைய கூட்டாளிகளையே ஒவ்வொருவராகக் கொன்று தீர்த்தது. ஜேன் குடாலும் அவர் குழுவும் பதிவு செய்த உண்மை அது.

8. மூளையில ஒழுக்கம் எந்த இடத்துல இருக்கு? ஒரு படம் போட்டுக் காட்டுங்க.

அப்படி ஓர் இடம் இல்லை. ஆனால் கெட்டுப்போனால் நடத்தை கெடும் இடங்கள் உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துக்கொண்டிருந்த 25 வயது ஃபினியாஸ் கேஜின் இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி. பிழைத்துவிட்டார். ஆனால் பொறுப்பான மேஸ்திரி முன்கோபக்காரராக, வாய்த் துடுக்காக மாறினார் என்று அவர் மருத்துவர் எழுதினார். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். பின்னால் அவர் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிச் சம்பாதித்தார் என்பதையும் சேர்த்தால், மூளை ஓரளவு தேறியிருக்கிறது என்று தெரியும்.

இன்னும் துல்லியமான பாடம் 1999-இல் வந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையில் பெரியவனான பிறகு அடிபட்டவர்களுக்கு விதிகள் தெரியும், வாழ்க்கையில் கடைப்பிடிக்கத்தான் வராது. ஒன்றரை வயதுக்குள் அதே இடத்தில் சேதம் ஏற்பட்ட இருவரை ஆராய்ந்தபோது, வளர்ந்த பிறகும் அவர்களுக்கு "ஏன் செய்யக் கூடாது" என்பதே சரியாகப் பிடிபடவில்லை. அதாவது அறத்தைக் கற்றுக்கொள்ளவே அந்தப் பகுதி தேவைப்படுகிறது.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவின் மூளையை 5,132 சீவல் படங்களாக வெளியிட்டது. செல் செல்லாகப் பார்க்கலாம். அதிலும் "மனசாட்சி" என்று பெயரிட ஒரு மூலை கிடைக்காது. அது பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலை.

9. ஸ்கேன்ல அந்த இடம் பளிச்சுனு எரியுதுன்னு பேப்பர்ல போடறாங்களே?

எதுவும் எரிவதில்லை. வேலை செய்யும் பகுதிக்கு ஆக்ஸிஜன் ரத்தம் கூடுதலாகப் போகிறது, கருவி அந்த மாற்றத்தை அளக்கிறது, கணினி வண்ணம் பூசுகிறது. புள்ளியியலில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட 2009-இல் கிரெய்க் பென்னட் குழு செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டது. திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளை "யோசித்தது". காசிமேட்டு மீனை வைத்தாலும் அப்படித்தான் வரும்.

10. ஸ்கூல்ல விரல் ரேகை எடுத்துக் குழந்தையோட மூளை, குணம் எல்லாம் சொல்றாங்க. எடுக்கலாமா?

வேண்டாம். விரல் ரேகைக்கும் குணத்துக்கும் தொடர்பு காட்டும் அறிவியல் கிடையாது.

11. மிரர் நியூரான்தான் கருணைக்குக் காரணம்னு நம்ம ராமச்சந்திரனே சொல்லியிருக்காரே?

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதால் வி.எஸ். ராமச்சந்திரன் பெயரைச் சொன்னாலே சென்னைக் கூட்டத்தில் ஒரு பெருமிதம் வரும். எனக்கும் உண்டு. கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்குச் சாதாரண முகக்கண்ணாடியை வைத்து அவர் கண்ட வைத்தியம் அபாரமானது. மிரர் நியூரான்களைக் கண்டுபிடித்தது இத்தாலியின் பார்மா நகரத்துக் குழு, 1990-களின் தொடக்கத்தில், மக்காக் குரங்குகளில். தான் ஒரு பொருளை எடுக்கும்போதும் பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் அதே நரம்புச் செல் இயங்கியது. டிஎன்ஏ உயிரியலுக்குச் செய்ததை இவை உளவியலுக்குச் செய்யும் என்று ராமச்சந்திரன் 2000-இல் எழுதினார். அது நடக்கவில்லை. கையசைவைப் பார்ப்பதிலிருந்து கருணைக்குத் தாண்டும் பாலத்தை யாரும் உறுதியாகக் கட்டிக் காட்டவில்லை.

12. அந்த ரயில் கேள்வி, அஞ்சு பேரா ஒருத்தரா, அதுக்கு சரியான பதில் என்ன?

தெரியாதவர்களுக்கு: கட்டுப்பாடு இழந்த வண்டி ஐந்து பேரை நோக்கி வருகிறது. சுவிட்சைத் திருப்பினால் வேறு தண்டவாளத்தில் இருக்கும் ஒருவர் மட்டும் சாவார். திருப்பலாம் என்பார்கள் பெரும்பாலோர். அதே ஐவரைக் காப்பாற்ற, மேம்பாலத்தில் நிற்கும் ஒருவரைக் கையால் தள்ளிவிட வேண்டும் என்றால் மாட்டேன் என்பார்கள். விதை 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் போட்டது. 2001-இல் ஜோஷுவா கிரீன் குழு ஸ்கேனரில் பார்த்தபோது, தள்ளும் கேள்வியில் உணர்ச்சி தொடர்பான பகுதிகள் கூடுதலாக இயங்கின. 8-ஆம் பதிலில் சொன்ன முன்மூளைப் பகுதி சேதமானவர்கள் "தள்ளலாம்" என்று சொல்வது அதிகம் என 2007-இல் தெரிந்தது.

எது சரி என்று இதில் எந்தச் சோதனையும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு நம் பதில் மாறும்போது எண்ணிக்கை மட்டும் வேலை செய்யவில்லை, கை படுவதும் படாததும் வேலை செய்கிறது என்பது மட்டும் புரிகிறது. மற்றபடி இந்தப் புதிருக்குக் கிடைக்கும் மவுசு அளவுக்கு மீறியது.

13. "நம்ம ஆளு"ங்கற புத்தி ரத்தத்துலயே ஊறினது, ஜாதி போகவே போகாதுன்னு சொல்றாங்க. அறிவியலும் அதைத்தானே சொல்லுது?

இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏனென்றால் பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம்.

உண்மையான பாதி: "நாம்", "அவர்கள்" என்று பிரிக்க மனித மனம் எப்போதும் தயார். 1970 வாக்கில் ஹென்றி டாஜ்ஃபெல் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களை, எந்த ஓவியரின் படம் பிடித்திருக்கிறது என்ற காரணம் சொல்லிக் குழுக்களாகப் பிரித்தார். யார் தன் குழு என்று முகம்கூடத் தெரியாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னால் தன் குழுவுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அவர்களைவிட நமக்கு அதிகம் கிடைக்கணும் என்று பங்கிட்டவர்களும் உண்டு. ஆக்ஸிடோசின் என்ற பாச ஹார்மோனும் தன் குழுவினர்மேல் பாசத்தைத்தான் கூட்டுகிறது என்று 2011-இல் ஒரு டச்சு ஆய்வு சொன்னது. மூக்கில் தெளிக்கும் அந்த மாதிரி ஆய்வுகள் பல திரும்பச் செய்யும்போது சறுக்கியிருப்பதால் நான் அதை அழுத்திச் சொல்வதில்லை.

பொய்யான பாதி: கோடு எங்கே என்பது ரத்தத்தில் இல்லை. 2001-இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், யார் எதைச் சொன்னார்கள் என்று நினைவுகூரும்போது மக்கள் தோல் நிறத்தை வைத்தே பிரித்தார்கள். நிறத்தைக் கலந்து இரண்டு அணிக்கு இரண்டு வண்ணச் சட்டை போட்டதும், சட்டை முந்திக்கொண்டது, தோல் பின்வாங்கியது. ஒரே சோதனை நேரத்துக்குள். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட எவரும் பக்கத்து சீட்டுக்காரரின் ஊர் பேரைக் கேட்டுவிட்டா விசில் அடிக்கிறார்கள்?

வயதையும் பாருங்கள். நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஐதராபாத் ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை எல்லாப் பக்கமும் கலப்பு தாராளமாக நடந்தது. அதற்குப் பிறகுதான் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது. பரிணாமக் கணக்கில் அது நேற்று. பிரிக்கும் பழக்கம் பழையது, சாதிக் கோடு புதிது, அதை ஒவ்வொரு தலைமுறைக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லிக்கொடுக்காமல் நிற்காத ஒன்றை ரத்தம் என்பது எப்படி?

14. இயற்கையானதுதானே, அப்புறம் அது தப்புன்னு எப்படிச் சொல்லலாம்?

பெரும்பாலும் ஆண்கள் செய்யும் தப்புக்கு வக்காலத்தாக இது வரும். 1970-களில் சாரா ஹர்டி ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்தார். கூட்டத்தைக் கைப்பற்றும் புது ஆண் அங்கே இருக்கும் குட்டிகளைக் கொல்கிறது. தாய்கள் சீக்கிரம் அடுத்த கருவுக்குத் தயாராகும், அது இவனுடையதாக இருக்கும். இதைவிட இயற்கையானது இல்லை. யாராவது இதைச் சரி என்பார்களா? "இருக்கிறது" என்பதிலிருந்து "இருக்கணும்" என்பதற்கு நேரடியாகத் தாவ முடியாது என்று டேவிட் ஹியூம் 1740-லேயே எழுதிவிட்டார்.

15. சாமி பயம் இல்லைன்னா ஒழுக்கம் எப்படி சார் வரும்?

முன் வரிசையில் விபூதி பூசியவர் கேட்பார், பின் வரிசையில் கறுப்புச் சட்டைக்காரர் சிரிப்பார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

6-ஆம் பதிலின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சாமி தெரியாது. உதவும் மனம் மதத்துக்கு மூத்தது. ஆனால் முகம் தெரியாதவரிடம் எவ்வளவு நியாயமாக நடக்கிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜோசப் ஹென்ரிக் குழு 15 சிறு சமூகங்களில் பணம் பங்கிடும் விளையாட்டை நடத்தியது. பெரு நாட்டின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக ஏறத்தாழக் கால் பங்கு கொடுக்க முன்வந்தார்கள். சேர்ந்து போய்த் திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் பாதிக்கும் மேல். 2010-இல் வந்த அடுத்த சுற்றில், சந்தையில் வாங்கி விற்றுப் பழகியவர்களும் உலகப் பெருமதங்களைப் பின்பற்றுபவர்களும் கூடுதலாகப் பங்கிட்டது தெரிந்தது. மதம் அறத்தைத் தொடங்கி வைக்கவில்லை, அதன் எல்லையைத் தள்ளி வைத்திருக்கக்கூடும். சந்தைக்கும் அதே மரியாதை உண்டு என்றால் இருவருமே முகம் சுளிக்கிறார்கள்.

16. மூளைதான் முடிவு எடுக்குதுன்னா, தப்பு பண்ணவனுக்கு எதுக்குத் தண்டனை?

1983-இல் பெஞ்சமின் லிபெட், விரலை அசைக்க ஒருவர் "முடிவு செய்தேன்" என்று உணர்வதற்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்குவதைக் காட்டினார். அசைவுக்கு அரை நொடிக்கும் மேல் முன்னால் மாற்றம், உணர்வு வருவதோ கால் நொடிக்குள். சுதந்திர மனம் செத்தது என்று தலைப்பு போட்டார்கள். 2012-இல் ஆரோன் ஷர்கர் குழு, அந்த மாற்றம் முடிவே அல்ல, மூளையின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைச் சராசரி எடுத்ததால் அப்படித் தெரிகிறது என்று வேறு விளக்கம் தந்தது. விரல் அசைவிலிருந்து கொலைக்குத் தாவுவதும் பெரிய தாவல்.

கடினமான உதாரணம் இது. அமெரிக்காவில் 40 வயது ஆசிரியர் ஒருவருக்குத் திடீரெனக் குழந்தைகள் மேல் தகாத ஆசை. முன்மூளையில் கட்டி. எடுத்ததும் ஆசை போயிற்று, கட்டி திரும்ப வளர்ந்ததும் ஆசையும் திரும்பியது. 2003-இல் மருத்துவ இதழில் வெளியானது. செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது, அடக்க முடியவில்லை. நம் சட்டம் கேட்பது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22, பழைய இ.பி.கோ. 84, மனநிலை பாதிப்பால் தான் செய்வது என்ன என்றோ தப்பு என்றோ அறிய முடியாதவரை மட்டுமே விடுவிக்கிறது. அறிந்தும் அடக்க முடியாதவர் அதில் வரமாட்டார். இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

மூளையைப் படம் பிடித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாமே என்பவர்களுக்கு: சம்மதம் இல்லாமல் மூளை வரைபடச் சோதனை, உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்தது.

17. எல்லாமே பரிணாமம் கொடுத்த உணர்ச்சின்னா, அறமே ஒரு பிரமைதானே?

எண்ணும் திறனும் பரிணாமம் கொடுத்ததுதான். அதனால் இரண்டும் இரண்டும் நாலு என்பது பிரமை ஆகவில்லை. ஆனால் கணக்கை வெளியே சரிபார்க்கலாம், அறத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தத்துவக்காரர்கள் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

நான் செய்வது எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடாமல் உணர்ச்சிக்கு உணர்ச்சி விசாரிப்பது. தங்கை மகனுக்குத் தகுதி குறைவு, ஆனாலும் வேலைக்குச் சிபாரிசு செய்யத் தோன்றுகிறது, "இது சரிதான்" என்று மனமும் சொல்கிறது. அந்த "சரி" எங்கிருந்து வருகிறது என்று 3-ஆம் பதிலில் பார்த்தோம். வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எனவே அதன் பேச்சை அங்கே குறைத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளையை ஒருவர் அடிப்பதைப் பார்த்தால் வரும் கொதிப்பும் பரிணாமம் தந்ததுதான். அதன் பூர்வீகம் முழுதும் தெரிந்த பிறகும், அந்தப் பிள்ளைக்கு வலிக்கிறது என்ற செய்தி அப்படியே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.